பின்னறையிலிருந்து மாறிய சேனல்

அக்கா,

நம் வீட்டுக்குப் புது டிவி வந்துவிட்டது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிற மெல்லிய டிவி. மாட்டிக் கொடுத்த ஆள் பழையதைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன் ரிமோட்டையும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்று இருந்தது. பின்னறை ஜன்னல் ஓரத்தில், மறுபடி அங்கே அடுக்கிய லுங்கிக் கட்டுகளுக்குப் பின்னால், நீ விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது. எடுத்து மேலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். கஞ்சி போட்ட புது லுங்கி வாசனை குப்பென்று வந்தது. சேனல் மாற்றும் பொத்தானில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு இன்னும் அழியவில்லை.

உன்னோடு பேச எனக்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. துணி துவைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது என்று மனசுக்குள் எப்போதும் உன்னோடு வாயாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. போவதற்கு முன் உன் மகளுக்காக நீ என்னிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தாய். "லாவண்யாகிட்ட சொல்லிடு. அம்மா மேல ஒண்ணும் ஒட்டிகினு இல்லன்னு சொல்லிடு." அந்த வேலை முடியாமலே கிடந்தது.

நீ மூத்த மருமகளாக இருந்த இந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. வேலைக்குப் போவதில் அத்தைக்கு ஆட்சேபம் இல்லை. வேலை முடிந்து என்னோடு கூடவே கதிரும் வீட்டுக்கு வந்துவிடும் என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் வெளியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் அல்லவா? அத்தை அந்த வழக்கத்தை அப்படியே எக்ஸ்ரேவுக்கும் நீட்டிவிட்டார். பின்பக்கக் குழாயடியில் ஒரு பக்கெட், அதில் ஒரு பிடி மஞ்சள், கொடியில் மாற்றுத் துணி. நான் குளித்து முடித்துக் குரல் கொடுக்கும்வரை பின்கதவுத் தாழ்ப்பாள் திறக்காது. பகல் முழுக்க ஜன்னல் இல்லாத, ஈயத்தகடு அடித்த கதவுக்குள் வேலை. சாயங்காலம் வந்தால் இந்தக் கதவு. மார்கழிக் குளிரில் அங்கே நின்று நடுங்கும்போது எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வரும்.

முதல் நாள் துண்டு எடுத்துக்கொண்டு நீதான் வந்தாய். நான் அவிழ்த்துப் போட்ட புடவையை விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, "இன்னாடி, இருட்டுல மின்னும்னு பாத்தா ஒண்ணுத்தையும் காணோம்" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சம்பளத்த மட்டும் ஏன் குளிப்பாட்ட மாட்டேன்றாங்க? அது மட்டும் நேரா முன்வாசல் வழியா உள்ள போவுதே" என்றாய். இந்த வீட்டில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

சிரித்து முடித்து உண்மையாகவே கேட்டாய். "நெஜமாவே ஒட்டாதா?"

"லைட்ட நிறுத்தின பிறகு ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமாக்கா?"

நீ உள்ளே போய்ச் சமையலறை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாய். பல்பு போய்விடும் என்று அத்தை சத்தம் போடும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் உனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து நம் மாமனார் விற்பதற்காக எடுத்து வரும் லுங்கிகளை நாம் இருவரும் பின்னறையில் மடித்து அடுக்குவோமே, அப்போதுதான் மற்றதெல்லாம் பேசினோம். உன் பக்கத்தில் அந்தக் குட்டி ரேடியோ பாடும். சென்னை ஸ்டேஷன் கரகரத்தால் நடுவில் தெலுங்குப் பாட்டு புகுந்துவிடும். ரேடியோவுக்கு வருவது, செல்போனுக்கு வருவது, அடுப்புக்கு எதிரில் நின்றால் முகத்தில் அடிக்கிற சூடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், வெயிலில் நின்றால் தோலைக் கருக்குவது, எக்ஸ்ரே எல்லாமே ஒரே ஜாதி அலைதான் என்று சொன்னேன். போக ஒயர் வேண்டாம், காற்றுகூட வேண்டாம், சூரியனிலிருந்து ஒன்றுமில்லாத வெட்டவெளியைக் கடந்துதான் நமக்கு வருகிறது, வேகமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றேன். நீ மடித்துக்கொண்டிருந்த லுங்கியை என் முன்னால் விரித்தாய். "அப்ப இது பெரிய கட்டம், அது சின்னக் கட்டம். நூலு ஒண்ணுதான், அப்டித்தானே?" அப்படியேதான். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இருக்கிற இடைவெளி மட்டும்தான் வித்தியாசம். இடைவெளி பெரிதாக இருந்தால் சாது, சுவரைக்கூடத் தாண்டிப் போகும், யாரையும் ஒன்றும் செய்யாது. இடைவெளி சுருங்கச் சுருங்க வேகம் மாறாது, ஆனால் வீரியம் ஏறும். எக்ஸ்ரே அளவுக்குச் சுருங்கினால் சதையைத் துளைத்துவிடும், அளவு மீறினால் கெடுதலும் செய்யும்.

நீ உடனே குடும்பத்தையே வரிசையில் நிறுத்திவிட்டாய். "ரேடியோ நம்ம மாமா. எங்கியோ போய்கினே இருப்பாரு, யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாரு. எக்ஸ்ரே அத்தே. எலும்பு வரைக்கும் பாத்துடுவாங்க." "அப்ப நானு எதுடி?" என்று கேட்டாய். எனக்கு அப்போது பட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு உன் மார்பில் அந்தக் கட்டி வந்தது.

ஆபரேஷன் முடிந்து, கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் வைத்தியத்துக்கு நம் பக்கம் அதுதானே பேர். தினமும் சென்னைக்கு ரயில். முடிந்தவரை நான் லீவு போட்டு உன்னோடு வந்தேன். ரயில் மணவூர் தாண்டும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப என் மேல வைக்கிறது எந்தக் கட்டம்?" என்று கேட்டாய். எக்ஸ்ரேவை விடச் சின்னக் கட்டம் என்றேன். கெட்ட செல்லைக் கொல்லத்தான் அவ்வளவு வீரியம், வெளியிலிருந்து குறிபார்த்து அடிக்கிறார்கள், மிஷினை நிறுத்தினால் அதோடு சரி என்றேன். நீ தலையாட்டிக்கொண்டு வேர்க்கடலை வாங்கித் தின்றாய்.

ஆனால் வீட்டில் அதோடு சரியாகவில்லை. எதிர் வீட்டு அம்மாவுக்குத் தைராய்டுக்காகக் கதிர் மருந்தைக் குடிக்கக் கொடுத்து, சில நாள் பிள்ளைகளிடமிருந்து ஒதுங்கியிருக்கச் சொல்லியிருந்தார்கள். அது சரிதான். குடித்த மருந்து உடம்புக்குள் இருக்கும், கொஞ்ச நாளைக்கு அதிலிருந்து கதிர் வெளியே வரும். உனக்கு உள்ளே எதையும் வைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நான் அத்தையிடம் எத்தனை விதமாகச் சொன்னேன் தெரியுமா? டாக்டரையே போனில் பேச வைத்தேன். "அவருக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிடுவாரு. அவரு வூட்டுக் கொழந்தையா?" என்றார் அத்தை. உன் கழுத்துக்குக் கீழே தோல் கருத்ததைக் காட்டி, "இதோ பாரு, உள்ள இருக்கிறதாலதானே எரியுது" என்றார். வெயிலில் வேலை செய்தால் நமக்கும்தான் கருக்கிறது, அதற்காக வெயில் நம் உடம்புக்குள்ளேயா தங்கிவிடுகிறது என்று கேட்டேன். "வாய் பேசாத" என்றார்.

பின்னறை உனக்கானது. உன்னை அங்கே அனுப்புவதற்கு முன் லுங்கிக் கட்டுகளை எல்லாம் முன்னறைக்கு மாற்றினார் அத்தை. லுங்கிக்கும் கதிர் ஏறிவிடுமாம். "வாங்குறவன் கட்டிக்கினு பளபளன்னு போவான், விடுங்க" என்று நீ சிரித்தாய். தட்டு, டம்ளர் தனி. கதவுக்குப் பூட்டு இல்லை. நடையில் ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டார், அவ்வளவுதான். அதன் மேல்தான் சாப்பாடு வரும். அதை நீ தாண்டக் கூடாது, லாவண்யாவும் தாண்டக் கூடாது. அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. நான் மட்டும் வரலாம், போகலாம். நான்தான் ஏற்கெனவே தீட்டாயிற்றே. நம் இரண்டு பேருக்கும் ஒரே குழாய், ஒரே பக்கெட்.

"தாண்டி வாக்கா. யாரு இன்னா பண்ணிடுவாங்க?" என்று ஒருநாள் கத்தினேன்.

நீ கத்தவில்லை. "வந்துடுவேன்டி. நாளைக்கு அவளுக்கு ஒரு காச்சல் வந்தாக்கூட என்னாலதான்னு சொல்லுவாங்க. அப்புறம் அவளப் பாக்கக்கூட விட மாட்டாங்க. இப்ப கண்ணாலயாவது பாத்துகினு இருக்கேன்" என்றாய்.  ஒரு ஸ்டூலைத் தாண்ட முடியாமல் மனுஷி எப்படிச் சிறைப்படுவாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உன் கட்டிலிலிருந்து பார்த்தால் நடையும், அதற்கு அப்பால் கூடத்துப் பீரோவின் கண்ணாடியும்தான் தெரியும். டிவி தெரியாது, அதன் முன் உட்கார்ந்திருக்கும் மகள் கண்ணாடியில் தெரிவாள். சத்தம் கூட்டும் பொத்தான் உடைந்துபோன பழைய ரிமோட் ஒன்று அந்த அறையில் கிடந்தது. ஒருநாள் சும்மா கையில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்து அழுத்தினாய். கூடத்தில் சேனல் மாறியது. லாவண்யா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தினாய். அவள் கைதட்டிச் சிரித்தாள்.

நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஏய், இது எந்தக் கட்டம்?" என்று கேட்டாய். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அகச்சிவப்பு, அடுப்புச் சூட்டோடு சேர்ந்தது என்றேன். வெளிச்சம் போலவே கண்ணாடியில் பட்டுத் திரும்பும் என்றேன். "அப்ப அதுதான்டி நானு" என்றாய்.

அதற்குப் பிறகு தினமும் அந்த விளையாட்டுதான். அவள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் பொம்மைப் படம் மறைந்து செய்தி வரும். வாயைத் திறந்தால் பொம்மை திரும்பி வரும். அத்தை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். அத்தை டிவிக்கு விபூதி பூசினார். நாம் பின்னறையில் தலையணையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒருநாள் யாரோ துண்டைப் பீரோக் கண்ணாடி மேல் காயப்போட்டுவிட்டார்கள், விளையாட்டு நின்றுபோனது. மாமா நடையைத் திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனார். ரேடியோவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, அக்கா.

நோய் ஈரலுக்குப் போய்விட்டது. அப்போதும் ஸ்டூல் நகரவில்லை. நீ போன அன்றைக்குத்தான் அதை யாரோ தூக்கி ஓரமாக வைத்தார்கள். எல்லோரும் உன்னைத் தொட்டார்கள். கன்னத்தைத் தடவினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். சாவுத் தீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, குளித்தால் போய்விடும். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் யாரிடமும் இறக்கி வைக்கவில்லை.

சென்னைக்கு மாற்றல் கேட்கலாம் என்று என் வீட்டுக்காரர் எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டிருக்கிறார். போனால் எனக்குக் குழாயடி இல்லை, பக்கெட் இல்லை. லாவண்யாவை எங்களோடு அனுப்ப மாட்டார்கள். அதனால் இருக்கிறேன். இருந்தும் நீ சொன்னதை அவளிடம் சொல்ல வாய்க்கவில்லை. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அது துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவள் சைக்கிளிலிருந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிப்போய் எங்கள் சென்டருக்கே கூட்டி வந்தார்கள். இப்போது அவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். எக்ஸ்ரே அறை வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று வீறிட்டாள். வலியில் கத்துகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் காதருகே குனிந்தேன்.

"வேணாம் சித்தி. இத எடுத்தா என்னையும் பின்ரூம்ல போட்டுடுவாங்க. நானும் செத்துடுவேன்."

 அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் அறை விளக்கை அணைத்தேன். உனக்குச் சொன்னதையேதான் அவளுக்கும் சொன்னேன். "வெளிச்சம் மிச்சம் இருக்குதா பாரு." இல்லை என்றாள். கையை நீட்டினாள், படம் எடுத்தேன். எலும்பு விரிசல் விட்டிருந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் அத்தை. கட்டு நனையக் கூடாது என்பதால் அவள் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார், நல்ல எண்ணத்தில்தான்.  லாவண்யா உள்ளே போய்த் தன் தட்டைத் தானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். என் சின்னப் பையன் தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். "கிட்ட வராதடா" என்று சுவரோடு ஒண்டி நின்றாள். யாரும் அவளை ஒதுக்கவில்லை அக்கா. தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டாள். நாள் கணக்கில் அப்படியே இருந்தாள். நான் எடுத்துச் சொல்லும்போது தலையாட்டுவாள், பையன் கிட்டே வந்தால் நகர்ந்துவிடுவாள்.

அந்த நிலைமையில்தான் நேற்று இந்த ரிமோட்டுக்குப் பேட்டரி போட்டேன். லாவண்யாவைப் பின்னறைக்குக் கூட்டிப் போய், உன் கட்டில் இருந்த இடத்தில் உட்கார வைத்தேன். கண்ணாடியைப் பார்த்து இந்தச் சிவப்புப் பொட்டை அழுத்து என்றேன். நான் கூடத்துக்கு வந்து, செல்போனில் நம் முகத்தை நாமே எடுப்போமே, அந்தக் கேமராவைப் பீரோக் கண்ணாடிக்குக் காட்டிப் பிடித்தேன். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் அதற்குத் தெரியும். கண்ணாடிக்குள் அவள் மடியருகே ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக் மினுக்கென்று எரிந்தது.

"தெரியுதா சித்தி?"

"தெரியுது. விடு. ஆங், போயிடுச்சு. திரும்ப அழுத்து."

அவள் எழுந்து ஓடி வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என்னை அழுத்தச் சொன்னாள். அழுத்தினால் வந்தது, விட்டால் போனது. பலமுறை பார்த்தாள். உன் விளையாட்டை அப்போதுதான் சொன்னேன். பொம்மைப் படம், செய்தி, சோறு, எல்லாம். "எனக்கு ஞாபகம் இருக்குது. டிவில பேய் இருக்குதுன்னு ஆயா விபூதி பூசினாங்க" என்றாள். பிறகு கேட்டாள்.

"அம்மா மேல வச்சதும் இப்டித்தானா? விட்டா போயிடுமா?"

"அது ரொம்ப வீரியமானது. ஆனா இப்டித்தான். மிஷின நிறுத்தினா அதோட போயிடும். அம்மா மேல ஒண்ணும் ஒட்டிகினு இல்ல பாப்பா."

"அப்ப அம்மாவ நான் தொட்டிருக்கலாமா?"

"தொட்டிருக்கலாம்."

அவள் அழுத அழுகையை நான் உனக்கு எழுத மாட்டேன். என் பையன் பயந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். இந்தத் தடவை அவள் நகரவில்லை. கட்டுப் போடாத கையால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார், பீரோக் கண்ணாடியைப் பார்த்தார், நடையைப் பார்த்தார்.

"அப்ப அந்த டிவி... அவளா?"

"ஆங் அத்தே. அக்காதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.   அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். வரவில்லை.

இன்றைக்கும் வேலை முடிந்து வந்தபோது குழாயடியில் பக்கெட் இருந்தது, மஞ்சளும் இருந்தது. குளித்துவிட்டுக் குரல் கொடுத்தேன். தாழ்ப்பாளைத் திறந்தது லாவண்யா. இனிமேல் தினமும் தானே திறப்பாளாம், நான் குளிப்பதற்கு முன்பே. எத்தனை நாளைக்கு விடுவார்கள் என்று தெரியவில்லை. ரிமோட்டை என் வேலைப் பையில் வைத்திருக்கிறேன். புது டிவி அதன் பேச்சைக் கேட்காது. அது எனக்கும் தெரியும்.

அக்கா, அவளிடம் சொல்லிவிட்டேன்.